கோடு வரையும் முன் ஒரு சந்தை: ஆசிரியர்களுக்கான 'தேவை–அளிப்பு' பயிற்சி

"விலை ஏறினால் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை இறங்கும். அப்படியானால் ஏறிய விலை தானாகவே இறங்கிவிடுமா?" தேவைக் கோட்டைப் பிழையில்லாமல் வரையும் ஆசிரியரையும் இந்தக் கேள்வி தடுமாற வைக்கும். தேவையும் (எந்தெந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்ற முழுப் பட்டியல்) தேவை அளவும் (ஒரு குறிப்பிட்ட விலையில் வாங்கும் அளவு) ஒன்றென்று எண்ணுவதுதான் காரணம். விரிவுரையால் இந்தக் குழப்பம் எளிதில் போகாது. ஆசிரியர்களையே வாங்கி விற்கவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும்.

20 பேரில் 10 பேர் வாங்குவோர், 10 பேர் விற்போர். வாங்குவோர் சீட்டுகளில் 100, 90, 80 எனப் பத்துப் பத்தாக 10 வரை எழுதுங்கள். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. விற்போர் சீட்டுகளில் அதே எண்கள் அடக்கவிலை. அதற்குக் கீழே விற்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பொருள்தான். விலைக்கும் சீட்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே ஆதாயம். சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது.

சுற்றுக்கு 5 நிமிடம். வாங்குவோர் கேட்கும் விலையையும் விற்போர் சொல்லும் விலையையும் எல்லோர் காதிலும் விழக் கூவ வேண்டும். முடிந்த விலையை உடனே பலகையில் எழுதுங்கள். அதே சீட்டுகளோடு 4 சுற்று.

முதல் சுற்றில் விலை சிதறும், 6 அல்லது 7 வியாபாரம்கூட நடக்கலாம். சீட்டில் 100 உள்ளவர் அவசரப்பட்டு, அடக்கம் 70 உள்ளவரிடம் 80-க்கு வாங்கிவிடுவார். போகப்போக விலை 50-க்கும் 60-க்கும் இடையே வந்து நிற்கும், வியாபாரம் 5. மொத்த ஆதாயம் அப்போதுதான் உச்சம், 250. பத்து ஜோடியும் வியாபாரம் செய்தால் மொத்த ஆதாயம் சுழியம்! பலரும் நம்பாத இடம் இது; கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூவலையும் மறுசுற்றையும் நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். 1948-இல் பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் வெளியிட்ட வகுப்பறைச் சந்தையில் மாணவர்கள் தனித்தனியாகப் பேரம் பேசினார்கள். கோட்பாடு சொன்னதைவிட அதிக வியாபாரம் நடந்தது. வெளிப்படையாகக் கூவவைத்துச் சுற்றுகளைத் திரும்ப நடத்தியவர் இன்னொரு பொருளியலாளர், வெர்னன் ஸ்மித். 1962-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் விலை சமநிலையை, அதாவது வாங்க முன்வருவோரும் விற்க முன்வருவோரும் சமமாகும் விலையை, நெருங்கியது. 2002-இல் நோபல் பரிசும் வந்தது.

இப்போது வாங்குவோர் சீட்டுகளை இறங்குவரிசையில் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் படிக்கட்டுதான் தேவைக் கோடு. விலை 55 என்றால் 5 பேர் வாங்குவர், 75 என்றால் 3 பேர். சீட்டு ஒன்றும் மாறவில்லை. மாறியது தேவை அளவு. அடுத்து வாங்குவோரின் எல்லாச் சீட்டிலும் மட்டும் 20 கூட்டி ஒரு சுற்று ஆடுங்கள். விலை 60–70-க்கு ஏறும், வியாபாரம் 6 ஆகும். இதுதான் தேவை மாறுவது.

'தேவை' என்ற சொல்லும் ஒரு சிக்கல். பேச்சுத் தமிழில் 'தேவை' என்றால் அவசியம். சீட்டில் 10 உள்ளவருக்கும் பொருள் அவசியமாயிருக்கலாம். கொடுக்கும் சக்தி இல்லாததால் 55 விலையில் அவர் கணக்கில் வரமாட்டார். இதைப் பயிற்சியிலேயே பேசிவிடுங்கள், வகுப்பில் மாணவர் கட்டாயம் கேட்பார்கள்.

நேரமிருந்தால் பழைய சீட்டுகளோடு 35 என்ற விலை உச்சவரம்பு வையுங்கள். விற்க 3 பேர், வாங்க 7 பேர். யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து மொத்த ஆதாயம் 90 முதல் 210 வரை எங்கும் நிற்கலாம்.

சமநிலை விலையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டது; சொன்ன விலைக்கே எல்லோரும் ஆடுவார்கள். நட்டத்துக்கு விற்றுவிட்டுச் சிரிப்பவரும் இருப்பார். விலையைப் பலகையில் ஏற்றும் முன் இருவர் சீட்டையும் நீங்கள் மட்டும் பாருங்கள்.

முடிவில் "புரிந்ததா?" என்று கேட்காமல், முதல் கேள்விக்கான விடையைச் சுவரிலுள்ள சீட்டுகளைக் காட்டி ஒவ்வொருவரும் 2 நிமிடம் விளக்க வேண்டும்.