தீசிஸுக்கு சைட் தேடும்போது

பி.ஆர்க். கட்டடக்கலைப் படிப்பின் பத்தாவது, கடைசி செமஸ்டரில் மாணவர்கள் ஒரு கற்பனைக் கட்டடத்தை வடிவமைப்பதுதான் தீசிஸ். அதன் ரிவ்யூவில் உட்காரும் யாரும் முதலில் கேட்பது "ஏன் இந்த இடம்?" என்றுதான். பெரும்பாலும் வரும் பதில் இப்படி இருக்கும்: பக்கத்தில் நான்குவழிச் சாலை, விமான நிலையம் இத்தனை கிலோமீட்டர், ஐந்து ஏக்கர் காலி நிலம், சதுரமான மனை. இந்தப் பதில் தமிழ்நாட்டில் எந்த ஊர் புறவழிச்சாலைக்கும் பொருந்தும். மதுரையில் தொழில் செய்துகொண்டு, வருஷா வருஷம் பிள்ளைகளின் தீசிஸ் வரைபட ஷீட்டுகளைப் பார்த்து வருகிறேன். நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். உங்கள் கட்டடத்தை மனதுக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் நீங்கள் இன்னும் சைட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ மார்க்கெட் என்பது தீசிஸுக்கு அருமையான தலைப்பு. அதை எங்கே வைப்பது? ஊருக்கு வெளியே விலை மலிவான நிலம் நிறையக் கிடைக்கும். ஆனால் பூ எப்படி நகர்கிறது என்று பாருங்கள். நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விடியும் முன்பே மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள். சாயங்காலம் அது விரிந்துவிடும். அதற்குள் விற்று, கட்டி, வெளியூருக்குப் போக வேண்டியது போய்விட வேண்டும். மாட்டுத்தாவணியில் மார்க்கெட்டும் வெளியூர் பேருந்து நிலையமும் அருகருகே இருப்பதால்தான் பார்சல் கைமாறுவது சுலபமாக இருக்கிறது. உங்கள் மார்க்கெட்டை ஐந்து கிலோமீட்டர் தள்ளினால் சுமை தூக்குபவரின் நடை, பஸ்ஸில் ஏறும் கூடை, சில்லறைக்கு வாங்கிப் போகிற அம்மா என எல்லாம் அறுந்துபோகும். இந்த இடத்தில் சைட் தானே டிசைனைப் பேச ஆரம்பிக்கிறது. இறக்கும் மேடை எந்தப் பக்கம், ஏலம் நடக்கும் இடத்துக்குக் காலை வெயில் எப்போது வரும், வாடிய பூவும் நாரும் எங்கே போகும் என்று கேள்விகள் வரிசையாக வரும்.

அதனால் தலைப்பை முடிவு செய்த கையோடு கூகுள் மேப்பில் காலி நிலம் தேடாதீர்கள். தலைப்புக்குள் இருக்கும் ஆட்களும் பொருளும் எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில் போகிறார்கள் என்று முதலில் ஒரு தாளில் கோடு போடுங்கள். கோடுகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே தேடுங்கள்.

அடுத்தது அளவு. ப்ரோக்ராம் கணக்கு, அதாவது கட்டடத்துக்குள் தேவைப்படும் மொத்தத் தளப்பரப்பு, 12,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஃப்.எஸ்.ஐ. (மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால் 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் போதும் என்று தோன்றும். ஆனால் நீங்கள் மூன்று தளத்துக்கு மேல் போகாமல், முற்றம் விட்டு, தரைப்பரப்பில் 30 சதவீதம் மட்டும் மூட நினைத்தால் 13,300 சதுர மீட்டருக்கு மேல் தேவைப்படும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனை என்பதால் ஓ.எஸ்.ஆருக்கு, அதாவது பொதுத் திறந்தவெளிக்கு, பத்து சதவீதம் ஒதுக்குங்கள். அதையும் சேர்த்தால் மூன்றரை ஏக்கருக்கு மேல் வந்துவிடும். இந்தக் கணக்கை சைட் பார்க்கப் போகும் முன்பே போட்டுவிடுங்கள். பத்து ஏக்கர் எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பச்சையாக நிரப்பிக் காட்டும் ஷீட்டைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நெருக்கடியான இரண்டு ஏக்கரில் ஒரு மாணவர் கற்றுக்கொள்வது அந்தப் பத்து ஏக்கரில் கிடைக்காது.

விதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஐ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடி விதிகளுக்குள் போய்விடும், அப்போது சாலை அகலமும் செட்பேக்கும் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி) வேறு. அதோடு இடத்துக்கு இடம் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரம்தான் என்பது மதுரையில் வெகுகாலமாக இருக்கும் கட்டுப்பாடு. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் பார்வையாளர் மையம் வைக்கலாம் என்று பல பேருக்குத் தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்ட முடியாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கடற்கரை ஊர் என்றால் சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல) வரைபடம், விமான நிலையம் பக்கம் என்றால் உயரக் கட்டுப்பாட்டு வரைபடம். இவற்றைத் தடை என்று நினைக்காதீர்கள். 9 மீட்டருக்குள் ஒரு பெரிய ப்ரோக்ராமை அடக்கிக் காட்டுவதே ஒரு முழு தீசிஸ்.

இனி, நான் மிகவும் அக்கறையோடு சொல்ல வேண்டிய விஷயம் தண்ணீர். நம் பக்கம் மேப்பில் "காலி நிலம்" என்று தெரிவதில் கணிசமான பகுதி கண்மாயோ, அதன் வரத்துக்காலோ, கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயலோதான். சர்வே நம்பரைக் கண்டுபிடித்து, தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை சொல்லும் பதிவேடு) எஃப்.எம்.பி. (புல அளவீட்டு) வரைபடத்தையும் பாருங்கள். புறம்போக்கு என்று வந்தால் என்ன புறம்போக்கு என்று பார்க்க வேண்டும். நீர்நிலை என்றிருந்தால் அந்த இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள், கற்பனைக் கட்டடம்தானே என்ற சமாதானம் வேண்டாம். அப்புறம் சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) நீல நிறம் எங்கே இருக்கிறது, கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களில் மழைக்காலத்துக்குப் பின் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஒப்பிடுங்கள்.

பிறகு நேரில் போங்கள். தீசிஸ் நடப்பது பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை. நீங்கள் பார்ப்பது காய்ந்த நிலத்தை. வடகிழக்குப் பருவமழை அதற்குள் முடிந்திருக்கும். ஆனால் மழை தடயம் விட்டுத்தான் போகும். பக்கத்து வீடுகளில் வாசற்படி எத்தனை என்று எண்ணுங்கள். ஒரே தெருவில் பழைய வீட்டுக்கு இரண்டு படியும், புது வீட்டுக்கு ஐந்து படியும் இருந்தால், இடைப்பட்ட காலத்தில் அங்கே தண்ணீர் புகுந்திருக்கலாம், அல்லது ரோட்டை உயர்த்தியிருக்கலாம். சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்தில் சாயம் போன கோடு இருக்கிறதா, வாசலில் மணல் மூட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். கண்மாய்க் கரைக்குக் கீழே மனை இருந்தால் கரைமேல் ஏறி நின்று கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) எங்கே, மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) எங்கே, உபரி நீர் மறுகால் பாயும் ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கிராமத்தில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சி யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். எந்த வருஷம் எந்த வயல் மூழ்கியது என்று அவர் நின்ற இடத்திலிருந்தே கை நீட்டிக் காட்டுவார். கூகுள் எர்த் தரும் உயர அளவை நம்பி கான்டூர் (சம உயரக் கோடு) போடாதீர்கள். சமதளமான நம் ஊரில் அரை மீட்டர் வித்தியாசம்தான் தண்ணீரின் திசையைத் தீர்மானிக்கும். கல்லூரியில் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி கிடைக்காவிட்டால் ஒரு மேஸ்திரியிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) கேட்டு வாங்கி முக்கியமான புள்ளிகளையாவது எடுத்துவிடுங்கள்.

மண்ணையும் அப்படியே பார்த்துவிடலாம். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல். வெயிலில் விரல் நுழையும் அளவு வெடித்து, மழையில் உப்பும். அங்கே கட்டடம் யோசித்தால் அஸ்திவாரம் வேறு மாதிரி இருக்கும், அதை ஷீட்டில் காட்ட வேண்டியிருக்கும். வெயிலைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு மட்டும்: மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். வடக்கு முகத்தில் தாராளமாகக் கண்ணாடி வைக்கலாம் என்ற பாடம் குளிர்தேசத்துப் புத்தகத்தில் இருந்து வந்தது.

டேப்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஓர் இடத்தில் நின்றாலே ஆட்கள் கூடிவிடுவார்கள். புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு அளவெடுப்பது என்றால் வீட்டை இடிக்க வருகிறார்கள் என்றுதான் தோன்றும். அவர்கள் அப்படிப் பயப்படக் காரணம் இருக்கிறது. அதனால் கல்லூரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் பேசிவிட்டுப் பிறகு டேப்பை எடுங்கள். "படிப்புக்காக வரைகிறேன் அக்கா, இங்கே எதுவும் கட்டப் போவதில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாக்கு கொடுக்காதீர்கள், "உங்களுக்கு நல்லது நடக்கும்" என்றும் சொல்லாதீர்கள். அவர்கள் முகம் வரும் படத்தைக் கேட்காமல் ஷீட்டில் போடவும் கூடாது.

டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் சைட் இருப்பது பெரிய வரம். வேறு மாநிலத்து மலையோ கடலோரமோ ரெண்டரில் (கணினியில் செய்யும் படத்தில்) அழகாக இருக்கும், ஆனால் மார்ச்சில் ஒரு மரத்தின் இடம் சந்தேகமானால் ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. விடிகாலை, உச்சிவெயில், விளக்கு வைத்த பிறகு, சந்தை நாள், விடுமுறை நாள் என்று வெவ்வேறு பொழுதில் பார்க்காத சைட்டை ஜூரியில், அதாவது மதிப்பிடும் குழு முன், காப்பாற்றுவது கஷ்டம்.

மூன்று சைட்டை ஒப்பிடச் சொல்வார்கள். பிடித்த ஒன்றை ஜெயிக்க வைப்பதற்காக மற்ற இரண்டுக்கும் குறைவாக மதிப்பெண் போட்ட அட்டவணையை யாரும் நம்புவதில்லை. மூன்றையும் நிஜமாக நடந்து பாருங்கள். தோற்ற இரண்டும் ஏன் தோற்றன என்பதை ஒவ்வொரு வரியில், ஒவ்வொரு படத்தோடு சொன்னால் போதும். முதல் ரிவ்யூவுக்கு முன் சைட்டை உறுதி செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு கைடு வேறு இடம் பார்க்கச் சொன்னால், என்ன காரணம் என்று கேட்டு, அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே சைட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.