சுகும்வித் பப்களும் குத்தகைக் கணக்கும்: பாங்காக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கின் சுகும்வித் சாலையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கச் செல்லும் பயணி, அந்த நகரத்துக்கு வேலைக்காகக் குடிபெயரும் ஊழியர், சேமிப்பைக் கொண்டு அங்கே ஒரு சிறு உணவகம் தொடங்கலாமா என்று எண்ணுபவர் ஆகிய மூவரும் செய்யும் தவறுகள் வேறுவேறாகத் தோன்றினாலும், அவை பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. வெளிநாட்டவர் கூடும் ஒரு பப்பை அதன் கூட்டத்தையும் உணவையும் பெயரையும் வைத்தே எடைபோடுகிறோம். அது நிற்கும் மனை யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. சுகும்வித்தில் ஒரு கடையின் ஆயுளைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்தக் கேள்விகள்தாம்.

பழைய பட்டியல்களை நம்பிக் கிளம்புவதைத்தான் முதலில் கைவிட வேண்டும். வியட்நாம் போருக்குப் பின் தாய்லாந்திலேயே தங்கிவிட்ட அமெரிக்கர்கள் கூடும் இடமாக, சோய் 22 எனப்படும் கிளைத்தெருவை ஒட்டியிருந்த வாஷிங்டன் சதுக்கம் பல ஆண்டுகள் இருந்தது. ஒரு திரையரங்கைச் சுற்றி அமைந்த அந்தச் சிறு வளாகத்தின் மதுக்கூடங்களும் உணவகங்களும் இன்று இல்லை. அங்கே 2023 டிசம்பரில் எம்ஸ்பியர் பேரங்காடி திறக்கப்பட்டது. சோய் 11-இல் 1980-களிலிருந்து நடந்துவந்த சீப் சார்லீஸ் என்ற திறந்தவெளி மதுக்கடை 2017-இல் அவ்விடத்தை விட்டு வெளியேறி, பின்னர் தொலைவிலுள்ள சோய் 50-க்குப் போனது. அதே சோய் 11-இல் 2002-இல் தொடங்கி உலகப் பத்திரிகைகளில் இடம்பெற்ற பெட் சப்பர்கிளப் என்ற இரவுக் கேளிக்கை விடுதி 2013-இல் மூடப்பட்டது. இரவு உணவுக்குப் பெயர்பெற்ற சோய் 38-இன் தெருக்கடைகளும், மனைக்கு உரிமையான குடும்பம் அதை விற்க முடிவுசெய்ததால் கலைந்தன. இந்த இடங்களில் ஈயோட்டிக்கொண்டிருந்ததாக எவரும் சொல்ல முடியாது. கடை ஈட்டித் தருவதைவிட அதன் அடியிலிருந்த மண் அதிகம் தரும் நிலை வந்துவிட்டது, அவ்வளவே.

அந்த நிலை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1999 டிசம்பர் 5 அன்று சுகும்வித் சாலைக்கு மேலே பிடிஎஸ் உயர்மட்ட ரயில் ஓடத் தொடங்கியது. 2004-இல் அசோக் சந்திப்பில் சுரங்க ரயிலும் வந்து சேர்ந்தது. அதுவரை போக்குவரத்து நெரிசலில் சிக்கிக் கிடந்த சாலையின் இருபுறமும் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்த மனைகள் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் விடுதிகளுக்கும் உரியவையாகின. டெர்மினல் 21 பேரங்காடி 2011-இலும் எம்குவார்ட்டியர் 2015-இலும் எழுந்தன. கீழே கடையும் மேலே வீடுமாக வரிசையாகக் கட்டப்பட்ட பழைய கட்டடங்களின் குறைந்த வாடகையில்தான் அந்தக் காலத்துப் பப்கள் பிழைத்தன. அந்த வரிசைகள் இடிபடும்போது, பப் நடத்துபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பேரங்காடியின் வாடகையைக் கொடுத்து அதே விலைக்கு பீர் ஊற்ற முடியாது. ஆகவே ஒரு தெருவின் பெயரை வைத்து அங்கே இன்னது கிடைக்கும் என்று முடிவுசெய்வதைவிட, கடந்த ஓரிரு மாதங்களில் அங்கே சென்றுவந்தவரிடம் கேட்பது நல்லது.

வழி தவறுவது சிறு தவறுதான் என்றாலும் புதியவர் பலரும் அதைச் செய்கிறார்கள். சுகும்வித்தில் ஒற்றைப்படை எண் கொண்ட சோய்கள் சாலையின் வடபுறத்திலும் இரட்டைப்படை எண் கொண்டவை தென்புறத்திலும் உள்ளன. ஆனால் இருபுறத்து எண்களும் ஒன்றுக்கொன்று நேராக வருவதில்லை. தோங்லோ எனப்படும் சோய் 55-க்கு எதிரே இருப்பது சோய் 38. சோய் 54 அங்கிருந்து நெடுந்தொலைவில் இருக்கிறது.

வெளிநாட்டவர் என்றால் வெள்ளையர், பப் என்றால் ஆங்கிலேயர் பாணிப் பப் என்று எண்ணிக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சியும் கால்பந்து நேரலையும் கிடைக்கும் இடங்கள் சுகும்வித்தில் இன்றும் உண்டு. ஆனால் அங்கே நெடுங்காலம் தங்கி வாழும் வெளிநாட்டவரில் ஜப்பானியர் முக்கியமானவர்கள் என்பதை அங்குள்ள உணவகங்களே சொல்லும். தோங்லோவிலும், சோய் 33, சோய் 39 ஆகியவற்றின் சுற்றுப்புறத்திலும் ஜப்பானிய மளிகைக் கடைகளும், ஜப்பானியர் வேலை முடிந்து குடித்துக்கொண்டே சாப்பிடும் இசகாயா கடைகளும் நிறைந்துள்ளன. ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்களின் பெயர்களைத் தாங்கிய மதுக்கூடங்களுக்கு அறியப்பட்ட சோய் 33-இல் இன்று ஜப்பானிய உணவகங்களே கண்ணில் படுகின்றன. சோய் 12-ஐ ஒட்டிய சுகும்வித் பிளாசா கொரியர்களின் இடம். நானா பகுதியில் சோய் 3-ஐச் சுற்றி அரபு உணவகங்கள் வளர்ந்ததற்கு, அருகிலுள்ள பும்ருங்ராட் மருத்துவமனைக்கு வளைகுடா நாடுகளிலிருந்து வரும் நோயாளிகளும் அவர்களுடன் வரும் குடும்பத்தினரும் ஒரு காரணம். தோங்லோ, எக்கமாய் பகுதிகளின் புதிய மதுக்கூடங்களில் பெரும்பாலும் வசதியான தாய் இளைஞர்களே கூடுகிறார்கள். வெளிநாட்டவரின் பேட்டை அழிகிறது என்ற பழைய வாடிக்கையாளர்களின் புலம்பலில் உண்மை பாதிதான்: போகிறவர் ஒரு நாட்டவர், வருகிறவர் வேறு நாட்டவர்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலையின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதன்மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அந்தத் தொகையின்மேல் 7 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும். 300 பாட் என்று எழுதியிருக்கும் உணவு 353 பாட் ஆகும். அதற்கு மேலும் தாராளமாக அன்பளிப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மது விற்பனை நேரத்தைப் பற்றிய தவறான தகவல் ஏராளமாக உலவுகிறது. பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை மது விற்கக் கூடாது என்ற தடை 1972-ஆம் ஆண்டின் ஆணையிலிருந்து வந்தது; 2025 டிசம்பரில் அது சோதனை முறையில் தளர்த்தப்பட்டது. எனவே பழைய வழிகாட்டியையும் நம்ப முடியாது, தளர்வு எப்போதும் நீடிக்கும் என்றும் கொள்ள முடியாது; செல்லும் நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் முதல் பாங்காக்கில் அதிகாலை 4 மணி வரை மதுக்கூடங்கள் திறந்திருக்கும் என்பதும் முழு உண்மையன்று. அந்த நீட்டிப்பு 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேளிக்கை விடுதி உரிமம் பெற்றவற்றுக்கு உரியது. பப் என்று நாம் சொல்லும் பல கடைகள் உணவக உரிமத்தில்தான் நடக்கின்றன. விசாக பூஜை போன்ற பௌத்தப் புனித நாள்களில் பெரிய விடுதிகளுக்கும் உரிமம் பெற்ற கேளிக்கை இடங்களுக்கும் 2025-இல் விலக்கு கிடைத்தாலும், தெருமுனை உணவகத்தில் அன்று பீர் கிடைக்காமல் போகலாம். அதற்காகப் பரிமாறுபவரிடம் வாதிடுவதில் பயனில்லை. மது அருந்தும் வயது 20 என்பதையும், மின்சிகரெட்டுக்கு அந்நாட்டில் தடை உள்ளது என்பதையும் குடும்பத்தோடு செல்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி முதலீட்டாளரின் தவறுகள். வாடிக்கையாளராகப் பல மாலைகள் மகிழ்ந்திருந்த பப் விற்பனைக்கு வருகிறது என்று கேட்டவுடன் அதை வாங்கத் துணிகிறவர் எந்த நாட்டவரிலும் உண்டு. தாய்லாந்தில் வெளிநாட்டவர் மனை வாங்க முடியாது என்பதால் அவர் உண்மையில் வாங்குவது நாற்காலிகளையும் பெயரையும் எஞ்சியிருக்கும் குத்தகையையும்தான். அந்நாட்டு உரிமையியல் வணிகச் சட்டத்தின் 538-ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதிவாகாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஆகவே சிறு கடைகள் பெரும்பாலும் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. மேலும் மூன்று ஆண்டு நீட்டித்துத் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ஆறு ஆண்டுக்குக் கணக்குப் போடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. மனை கைமாறினால் நடப்பிலுள்ள குத்தகைக் காலத்தைப் புதிய உரிமையாளர் மதித்தாக வேண்டும்; நீட்டித்துத் தருவதாகப் பழைய உரிமையாளர் கொடுத்த வாக்கு புதியவரைக் கட்டுப்படுத்தாது. நம் ஊர்க் கடைவீதிகளில் பகடி என்றும் குட்வில் என்றும் வழங்குவது போன்ற தொகை அங்கும் கைமாறுகிறது. ஓராண்டுதான் எஞ்சியிருக்கும் கடைக்கு அத்தொகையை முழுதாகக் கொடுத்தவர் அதை மீட்பது அரிது. 2020 முதல் வசூலிக்கப்படும் நிலக் கட்டட வரியை யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்; உரிமையாளர் அதை வாடகைதாரர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது.

உள்ளூர் நண்பர் பெயரில் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்ற யோசனையை அங்கே பலர் சாதாரணமாகச் சொல்வார்கள். கேட்கவே கூடாத யோசனை அது. 1999-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வணிகச் சட்டம் உணவு, பான விற்பனையைக் கட்டுப்பட்ட தொழில்களில் வைத்துள்ளதால், சிறப்பு அனுமதி இல்லாத நிறுவனத்தில் வெளிநாட்டவரின் பங்கு பாதியை எட்டக் கூடாது; பொதுவாக 49 சதவீதத்தோடு நின்றுவிடுகிறார்கள். மீதியைப் பெயருக்கு மட்டும் தாய்லாந்தவரிடம் வைத்தால், பினாமியாக நின்றவர், நிற்கவைத்தவர் இருவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் பாட் வரை அபராதமும் விதிக்கலாம். பங்குதாரராக இருப்பதே வேலை செய்யும் உரிமையைத் தராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு வெளிநாட்டவரின் பணி அனுமதிக்குப் பொதுவாக 20 லட்சம் பாட் மூலதனமும் நான்கு தாய் ஊழியர்களும் தேவை. அனுமதி இல்லாத நிலையில் சொந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றினாலும் அபராதமும் நாடுகடத்தலும் நேரலாம். கடையின் சமூக ஊடகப் பக்கத்தில் மதுப்புட்டியின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்வதையும் 2008-ஆம் ஆண்டின் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கிறது. 2025-இன் திருத்தத்துக்குப் பிறகும் அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கவில்லை.

மதுவை மட்டும் நம்பிய கடையா, அடுப்பையும் நம்பிய கடையா என்று பார்ப்பதும் அவசியம். 2021 ஏப்ரலில் தோங்லோவின் கேளிக்கை விடுதிகளிலிருந்து கொரோனா பரவியதை அடுத்து மூடப்பட்ட பப்களுக்கு 2022 ஜூனில்தான் முறையான திறப்பு அனுமதி கிடைத்தது. நல்ல சமையலறை வைத்திருந்தவர்கள் உணவகமாக மாறி முன்னதாகவே கதவைத் திறக்க முடிந்தது.

இவ்வளவையும் ஆராய்ந்த பிறகும் வாங்கத் தோன்றினால், பணம் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞர் வழியாக அந்த மனையின் சானோட் எனப்படும் உரிமைப் பத்திரத்தின் நகலை நில அலுவலகத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பின்பக்கத்தில் விற்பனை, அடமானம், பதிவான குத்தகை ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அண்மையில் அந்த மனையும் பக்கத்து மனைகளும் ஒரே கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தால், விற்பவர் ஏன் அவசரப்படுகிறார் என்று அவரிடம் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.