காசு குடுத்து எடுத்த போட்டோ யாருக்குச் சொந்தம்? ஸ்டுடியோ விஷயத்துல நம்ம ஆளுக பண்ற தப்புக

போன ஆவணில ஒருநாள் சாயங்காலம் எங்க அக்கா போன் பண்ணுச்சு, ஹலோ கூட சொல்லல, "டேய், பிள்ளை போட்டோ காளவாசல்ல தொங்குதுடா"ன்னு ஒரே கத்து. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னுருச்சு, மதுரையில சின்னப்பிள்ளை போட்டோ ஃபிளக்ஸ்ல தொங்குதுன்னா நம்ம புத்தி நேரா கண்ணீர் அஞ்சலிக்குத்தான போகும். அப்பறம்தான் வெவரம் தெரிஞ்சுச்சு, அது ஒரு பியூட்டி பார்லர் வெளம்பரமாம், அக்கா மக சடங்குக்கு எடுத்த போட்டோ, அதே அரக்கு கலர் பட்டு, அதே ஜடை, தாய்மாமன்னு நான் போட்ட மாலை கூட கழுத்துல அப்படியே இருக்கு, பக்கத்துல கொட்டை எழுத்துல தள்ளுபடி. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பார்லருக்கு போட்டோவ குடுத்தது ஸ்டுடியோக்காரர், அவரக் கேட்டா, "போட்டோ எடுத்தவனுக்குத்தாம்மா காப்பிரைட்டு, சட்டமே அப்படித்தான்"னு சொல்லிட்டாரு.

இதுல கூத்து என்னண்டா, நானும் பல வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குப் பொழப்பே கல்யாண ஆல்பம் டிசைன் பண்றதுதான், ஊர்ல உள்ள ஸ்டுடியோக்காரங்க பாதிப்பேரு வேலை என் சிஸ்டம் வழியாத்தான் லேபுக்குப் போகுது. அக்கா பண்ண சத்தத்துல தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட போய் உக்காந்தப்பதான் தெரிஞ்சது, நம்ம நாட்டுல சட்டம் கிட்டத்தட்ட அப்படியே தலைகீழ்.

1957 காப்பிரைட் சட்டத்துல 17வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு படைப்புக்கு மொத சொந்தக்காரர் அதப் படைச்சவர்தான்னு ஆரம்பிக்குது, போட்டோவுல படைச்சவர்னா எடுத்தவர். ஆனா அதுக்குக் கீழயே ஒரு விதிவிலக்கு வச்சிருக்காங்க: ஒருத்தர் சொல்லி, அதுக்குக் காசு வாங்கிட்டு எடுத்த போட்டோன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்துல, எடுக்கச் சொன்னவர்தான் மொத சொந்தக்காரர். அதாவது அக்காதான், இல்லாட்டி பணம் கட்டி புக் பண்ண எங்க மாமா. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கும் இதே கணக்குத்தான்.

அப்ப ஏன் எல்லாரும் மாத்திச் சொல்றாங்க? யூடியூப்தான் காரணம்னு நான் நெனைக்கிறேன். போட்டோகிராபி கத்துக்கிற பயலுக பாக்குறது பூராம் அமெரிக்கா வீடியோ, அங்க எடுத்தவருக்குத்தான் காப்பிரைட், நம்ம காசு குடுத்தாலும் எழுதி வாங்குனாத்தான் நமக்கு. இங்கிலாந்துல முன்னாடி நம்மள மாதிரியே இருந்துச்சு, 1988 சட்டத்துல மாத்திட்டாங்க. கனடா 2012ல மாத்துச்சு. சிங்கப்பூர் ரொம்ப நாள் காசு குடுத்தவர் பக்கம் இருந்துட்டு 2021 நவம்பர் 21ல இருந்து எடுத்தவர் பக்கம் மாறிருச்சு, மாப்ளை சிங்கப்பூர்ல இருக்காரு, ரிசப்ஷன் அங்கயும் வைக்கிறாங்கன்னா இத மனசுல வச்சுக்கங்க, மதுரை மண்டபத்துல எடுத்த போட்டோவுக்கு ஒரு கணக்கு, அங்க எடுத்த போட்டோவுக்கு வேற கணக்கு. இந்தியாவுல 2012ல சட்டத்தத் திருத்துனப்பகூட இந்த வீட்டு விசேஷ போட்டோ கணக்குல கை வைக்கல.

சரி, அப்ப நம்மதான் ராஜான்னு நேரா போய் ஸ்டுடியோவுல சண்டை போடுறது அடுத்த தப்பு. "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல"ன்னு ஒரு துண்டு வாசகம் வந்துச்சுல்ல, மொத்த வெளையாட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. அக்காவோட பில்ல நான் தேடி எடுத்துப் பாத்தேன், பீரோவுல பட்டுப்புடவை டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருந்துச்சு. மஞ்சக் கலர் பேப்பர், முன்பக்கம் தேதி, ஸ்டில்ஸ், வீடியோ, அட்வான்ஸ் இவ்வளவு, பாக்கி இவ்வளவுன்னு பேனாவுல கிறுக்கிருக்காரு. பின்பக்கம் திருப்புனா எறும்பு ஊர்ற மாதிரி ஏழு வரி, கரன்ட் போனா நிறுவனம் பொறுப்பாகாது, ஆல்பம் தாமதமானா பொறுப்பாகாது, இப்படியே போய் அஞ்சாவது வரில, படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கே. அக்கா கையெழுத்து எங்கயும் இல்ல, அட்வான்ஸ் குடுத்ததுக்கு அப்பறம் கையில திணிச்ச சீட்டு அது. இது ஒப்பந்தம் ஆகுமா ஆகாதான்னு வாதாட எடம் இருக்குன்னு வக்கீல் சொன்னாரு, இதே வரிக்குக் கீழ அக்கா கையெழுத்து போட்டிருந்தா கதை முடிஞ்சதுன்னும் சொன்னாரு.

இப்ப பில்லு கூட கெடையாது, வாட்ஸப்ல கொட்டேஷன் பிடிஎஃப் வருது, நம்ம மண்டபம், சமையல்காரர், பத்திரிகைன்னு ஓடிக்கிட்டு இருக்கைல கடைசி பக்கத்துல ரேட்ட மட்டும் பாத்துட்டு "ஓகே அண்ணே கன்ஃபர்ம்"னு ஒரு கட்டைவிரல் பொம்மையும் போட்டு அனுப்பிர்றோம். அந்த பிடிஎஃப்ல ரெண்டாவது பக்கத்துல காப்பிரைட் எங்களுக்கு, வெளம்பரத்துக்கு பயன்படுத்துவோம்னு இருந்தா நீங்க சம்மதிச்சதா ஆயிரும். கொட்டேஷன ரேட்டுக்காக மட்டும் படிக்காதீங்க. அந்த வரி பிடிக்கலையா, அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி அதே வாட்ஸப்ல, "அண்ணே போட்டோ உரிமை எங்களுக்கு, நீங்க உங்க பேஜ்ல போடணும்னா எங்கள்ட்ட காட்டிட்டுப் போடுங்க, வேற யாருக்கும் குடுக்கக்கூடாது"ன்னு டைப் பண்ணி அவர் சரின்னு சொன்னதுக்கு அப்பறம் ஜிபே பண்ணுங்க. முக்காவாசிப்பேரு சரிம்பாங்க. ஸ்டுடியோக்காரங்களையும் சொல்லணும்ல, நாலு நல்ல போட்டோவ பேஜ்ல போட்டாத்தான் அடுத்த ஆர்டர் வரும், அதையும் தடுத்தா அவங்க பொழப்பு என்னாவுறது, அதுனால பேஜ்க்கு மட்டும் விடுங்க, கொழந்தைக போட்டோ வேண்டாம்னு சொல்லிருங்க. அது என் அபிப்பிராயம்.

ஓசில எடுத்தது பத்தி ஒரு விஷயம். பிரண்டு ஒருத்தன் கேமரா வச்சிருக்கான், "மாப்ள, உன் கல்யாணத்துக்கு இதுதான்டா என் மொய்"ன்னு ரெண்டு நாளும் நின்னு எடுத்துக் குடுத்துட்டான். காசு கைமாறல, அப்ப அந்த விதிவிலக்கு உங்களுக்கு வராது, காப்பிரைட் அவனுக்குத்தான். மொய்யே ஒரு வகை காசுதானன்னு கேக்காதீங்க, நான் கேட்டேன், வக்கீல் சிரிச்சாரு, பதில் சொல்லல. மாடலிங் பண்ற பிள்ளைக போட்டோகிராபரோட சேந்து கொலாப்ன்னு ஃப்ரீயா ஷூட் பண்ணிக்கிறதும் இதே கதிதான், தெப்பக்குளத்துலயோ கீழக்குயில்குடி மலையடிவாரத்துலயோ எடுத்த போட்டோவ ஒரு துணிக்கடைக்கு விக்கணும்னா எடுத்தவன்கிட்ட எழுதி வாங்கணும்.

அடுத்தது, யாரு எடுக்கச் சொன்னதுங்கிற குழப்பம். நம்ம பக்கம் பொண்ணு வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர், மாப்ளை வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர்னு ரெண்டு செட்டு மேடையில முட்டிக்கிட்டு நிப்பாங்க, தாலி கட்டைல சொந்தக்காரன் ஒருத்தனுக்கும் எதுவும் தெரியாது, பூராம் கேமராக்காரங்க முதுகுதான். ஒவ்வொரு செட்டும் அதது கூப்பிட்ட வீட்டுக்கு. பொண்ணு அப்பா காசு கட்டி புக் பண்ணிருந்தா சட்டப்படி சொந்தக்காரர் அவருதான், போட்டோவுல நிக்கிற பொண்ணு இல்ல, மாப்ளையும் இல்ல. பின்னாடி மனஸ்தாபம்னு வந்தா இது பெரிய விஷயமாகும். மண்டபத்துக்காரரே சாப்பாடு, மேடை, போட்டோன்னு பேக்கேஜா குடுத்தா போட்டோகிராபர கூப்பிட்டது நீங்களா மண்டபமான்னு இன்னொரு சிக்கல். முகூர்த்த நாள்ல ஒரே ஸ்டுடியோ நாலு கல்யாணத்த எடுத்துக்கிட்டு மூணுக்கு வெளியாள அனுப்பும், அந்த வெளியாளுக்கும் நமக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் கெடையாது, அவன் தன் பேஜ்ல போட்டுட்டு நான் எடுத்ததுன்னு நிப்பான். "யார அனுப்பி எடுத்தாலும் உரிமை எங்களுக்கு"ன்னு ஸ்டுடியோகிட்டயே எழுதி வாங்கிட்டா இந்த தலவலியெல்லாம் கம்மி.

என்கிட்ட ஜனங்க அதிகமா வந்து மல்லுக்கட்டுறது ரா ஃபைலுக்குத்தான், அதாவது எடிட் பண்ணாம கேமராவுல இருந்து வந்தபடியே இருக்க ஃபைலு. "காப்பிரைட் எங்களுதுன்னா ரா ஃபைல் குடுக்கச் சொல்லுங்க"ம்பாங்க. காப்பிரைட்டுங்கிறது காப்பி எடுக்க, வெளியிட, அடுத்தவனத் தடுக்க உள்ள உரிமை. ஃபைலு வேற விஷயம். அந்தக் காலத்துல நெகட்டிவ் யாருகிட்ட இருக்கணும்னு சண்டை போட்டது மாதிரித்தான் இது. எத்தனை போட்டோ எடிட் பண்ணி தரணும், எடிட் பண்ணாதது தரணுமா, பென்டிரைவா ஹார்ட்டிஸ்க்கா, எல்லாம் மொதல்லயே பேசி முடிக்கணும், பேசலைன்னா பின்னாடி கேக்குறது கஷ்டம். ரெண்டு நாள் கல்யாணத்துல ஐயாயிரம் போட்டோ எடுத்தா அதுல கண்ண மூடுனது, கொட்டாவி விட்டது, பந்தியில வாய்நெறைய சோத்தோட இருக்கதுன்னு பாதி குப்பை, அத வாங்கி நீங்க பாக்கப்போறதும் இல்ல, இது ஆல்பம் டிசைனரா நான் அனுபவத்துல சொல்றேன்.

போட்டோ எடுத்து ஒருத்தருக்கு சொந்தமானதுக்கு அப்பறம் வாய் வார்த்தையா உரிமைய குடுக்குறது, வாங்குறது ரெண்டும் செல்லாது. "பரவால்லண்ணே நீங்களே வச்சுக்கங்க"ன்னு சொல்றதால உங்க காப்பிரைட் அவருக்குப் போயிராது, பிரண்டு "எடுத்துக்கடா"ன்னு சொல்றதால அவன் காப்பிரைட் உங்களுக்கும் வந்துராது. 19வது பிரிவுப்படி எழுத்துல இருக்கணும், குடுக்குறவர் கையெழுத்து இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதாட்டி 5 வருஷம்தான், எந்த ஊருக்குன்னு எழுதாட்டி இந்தியாவுக்குள்ள மட்டுந்தான்.

இன்னொரு பக்கம், உரிமை நம்மளதுன்னா எடுத்தவர் பேர அழிச்சுரலாம்னு நெனைக்காதீங்க. 57வது பிரிவுல படைச்சவருக்குன்னு தனி உரிமை இருக்கு, காப்பிரைட் வேற ஆளுகிட்ட போனாலும் இது அவர்கிட்டதான் நிக்கும், நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்கிறது, தன் பேருக்குக் கெட்ட பேரு வர்ற மாதிரி படத்தச் செதச்சா தட்டிக் கேக்குறது. ஸ்டேட்டஸ்ல போட ஒரு ஃபில்டர் தட்டுறதுக்கெல்லாம் யாரும் கோர்ட்டுக்குப் போகப்போறதில்ல. ஆனா மேக்கப் போட்டுவிட வந்த பொண்ணு ஸ்டுடியோ லோகோவ வெட்டிட்டு தன் லோகோவ ஒட்டுறது அடிக்கடி நடக்குது, அந்த போட்டோவ அந்தப் பொண்ணுக்கு அனுப்பி வச்சது பெரும்பாலும் நம்ம வீட்டு ஆளுகதான்.

ஃபிளக்ஸ் அடிக்கக் குடுக்கைல கூகுள்ல கெடைச்ச போட்டோவ பின்னணிக்குப் போடச் சொல்றதும், சினிமாப் பாட்டு வச்ச கல்யாண வீடியோவ யூடியூப்ல ஏத்திட்டு தூக்கிட்டாங்கன்னு பொலம்புறதும் வேற கதை. ஊர்வலத்துலயும் மண்டபத்துலயும் பாட்டுப் போட சட்டத்துல எடம் இருக்கு, நெட்ல ஏத்துறதுக்கு அது பொருந்தாது. பதிவு பண்ணாத்தான் காப்பிரைட்டுன்னு யாராவது சொல்லி காசு கேட்டா குடுக்காதீங்க, போட்டோ எடுத்த நிமிஷமே அது வந்துருது, எடுத்தவர் ஆயுசுக்கும் அதுக்கு மேல 60 வருஷமும் இருக்கும்.

காளவாசல் ஃபிளக்ஸ் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. தெரிஞ்சே வியாபாரத்துக்காக அடுத்தவன் காப்பிரைட்ட மீறுனா 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு 63வது பிரிவு சொல்லுது. வக்கீல் லெட்டர்ல அந்தப் பிரிவு நம்பர மட்டும் எழுதி பார்லருக்கும் ஸ்டுடியோவுக்கும் ஒவ்வொரு காப்பி அனுப்புனாரு, மூணாம் நாள் எறக்கிட்டாங்க. அக்காவுக்கு அது பத்தல, பார்லர் வாசல்ல போய் அரைமணி நேரம் வஞ்சுட்டுத்தான் வந்துச்சு.

கடைசியா ஒண்ணு மட்டும். காப்பிரைட் நம்மளதா இருந்தாலும் போட்டோவ பத்திரமா வச்சுக்க வேண்டியது ஸ்டுடியோ இல்ல, நம்மதான். ஆல்பம் வாங்குன சூட்டோட ஹார்ட்டிஸ்க்க அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கு பயன்படுத்துறவங்கள எனக்கே தெரியும். எத்தனை மாசம் வச்சிருப்பீங்கன்னு கேட்டுக்கங்க, பென்டிரைவ் வாங்குன அன்னைக்கே வீட்டுல வந்து தொறந்து பாருங்க, எண்ணிக்கை சரியான்னு பாருங்க, ரெண்டு எடத்துல காப்பி போட்டு வைங்க. பேசுனபடி தரலைன்னா அது காப்பிரைட் கேஸே இல்ல, சேவைக் குறைபாடு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும், நீங்க குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கெடையாது. அந்த மஞ்ச பில்லு அப்பத்தான் உதவும், அக்கா அத இன்னும் பட்டுப்புடவை டப்பாக்குள்ளதான் வச்சிருக்கு.