வாரை இறுக்கினால் கடிக்க வந்த குதிரை

அந்தியூர் சந்தையில் வாங்கிய மார்வாரி இனப் பெட்டைக் குதிரை அவள். வந்த புதிதில் குழந்தை மாதிரி இருந்தாள். நாலைந்து மாதத்தில் குணம் மாறியது. சேணத்தை எடுத்தாலே காதைப் பின்னால் மடக்குவாள். வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருவாள். திமிர், நாலு போடு என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. கோபம் தணியுமோ என்று மெக்னீசியம் தூள் கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை.

காலண்டரில் குறித்து வந்தேன். 21 நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு நாள் வாலைத் தூக்கி அடிக்கடி சிறுநீர் விட்டாள், அது சினைப்பருவம். ஆனால் வாரைக் கண்டால் வரும் கோபம் எல்லா நாளும் இருந்தது. குறிப்பைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஸ்கேன் எடுத்தார். சினைப்பையில் கட்டி எதுவும் இல்லை. அப்புறம் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில், இரைப்பையில் புண்.

காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து, 28 நாள். கொள்ளையும் தவிட்டையும் குறைத்து, நாள் முழுக்கப் புல் கிடைக்கும்படி செய்தேன். குதிரைக்கு இரைப்பை அமிலம் ஓயாமல் சுரக்கும். மென்றுகொண்டே இருந்தால்தான் உமிழ்நீர் இறங்கி அதை ஆற்றும்.

மூன்றாவது வாரம் மெதுவாக வாரை இறுக்கினேன். காது முன்னால்தான் நின்றது. சினைப்பருவத்தில் இப்போதும் சிணுங்குவாள். அந்த நாட்களில் ஏறுவதில்லை, கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போவதோடு சரி.