மந்தமான கைப்பேசி: சேமிப்பகத்திலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், செம்பனைக் குலைகளைப் படமெடுத்து அனுப்பும் மண்டோர் (தோட்டக் கண்காணி) முதல், கோயில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குவியும் காலை வணக்கப் படங்களை அழிக்க மனம் வராத பெரியவர் வரை, பலரும் சொல்லும் குறை ஒன்றே: வாங்கியபோது பறந்த கைப்பேசி இப்போது ஆமையாக நகர்கிறது. உடனே புதியது வாங்க வேண்டியதில்லை; முதலில் சேமிப்பகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அமைப்புகளில் பாருங்கள்.

கைப்பேசியின் சேமிப்பகமான ஃபிளாஷ் நினைவகத்தில் தரவு ‘பக்கங்கள்’ எனப்படும் சிறு சிறு பகுதிகளாக எழுதப்படுகிறது. ஆனால் அழிப்பது பல பக்கங்கள் அடங்கிய தொகுதியாக மட்டுமே நடக்கும். எழுதிய பக்கத்தின்மேல் மீண்டும் எழுத முடியாததால், புதியது வேறிடத்திற்குப் போகிறது, பழையது செல்லாததாகிவிடுகிறது. காலியிடம் தாராளமாக இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. அது குறைந்ததும், செல்லுபடியாகும் பக்கங்களை இடம் மாற்றித் தொகுதியை அழிக்கும் வேலை, நீங்கள் படமெடுக்கும் அந்த நொடியிலேயே நடக்க வேண்டியதாகிறது. ஃபிளாஷுக்கென்றே சாம்சுங் உருவாக்கி, 2013இல் ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸின் 3.8 பதிப்பில் சேர்க்கப்பட்ட எஃப்டூஎஃப்எஸ் (F2FS) என்ற, கோப்புகளை நினைவகத்தில் அடுக்கி வைக்கும் கோப்பு முறைமையும் இதற்கு விதிவிலக்கல்ல. தரவைத் தொடர்ச்சியாக எழுதிச் செல்லும் அதன் பலமே இடம் இருந்தால்தான் பலிக்கும். செய்திச் செயலிகளோ ஒவ்வொரு செய்தியையும் தரவுத்தளத்தில் பதிந்து, பதிவு உறுதியாகும்வரை காத்திருப்பதால், தாமதம் அங்கேதான் முதலில் தெரியும்.

ஆகவே, கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருங்கள் என்பதே என் பரிந்துரை. காணொளிகளைக் கணினிக்கு மாற்றுங்கள். புலனத்தில் படங்கள் தாமாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். ‘சுத்தம் செய்யும்’ செயலிகளை நிறுவுவது, என் கணிப்பில், வெறும் இடவிரயம்.

அழித்த கோப்புகளின் இடம் இனி வேண்டாம் என்று நினைவகத்திற்குத் தெரிவிக்கும் டிரிம் பணியை, ஆண்ட்ராய்டு 4.3 முதல் கைப்பேசியே, பெரும்பாலும் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும் வேளையில், செய்துகொள்கிறது. இடி மின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைப் பிடுங்குவது நம் பக்கத்து வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் மழையற்ற இரவுகளில் கைப்பேசியை அணைக்காமல் சார்ஜில் விடுங்கள்.

கூடுதல் இடத்திற்கு மெமரி கார்டு வாங்குவதானால், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விலையை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். அதில் செயலிகளை வைப்பதாக இருந்தால் ஏ1 (A1) குறி அவசியம். அது நொடிக்குக் குறைந்தது 1,500 சிறு வாசிப்புகளையும் 500 சிறு பதிவுகளையும் உறுதியளிக்கிறது. படங்களுக்கு மட்டும் என்றால், நம்பகமான கடையில் வாங்கிய சாதாரண கார்டே போதும்.