அமெரிக்கப் போரும் கஜானா சாவியும்: செய்தி படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கா எங்கேயாவது குண்டு வீசினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: பணத்தை நிறுத்தினால் போர் நின்றுவிடுமே, காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) ஏன் சும்மா இருக்கிறது?

கேள்வியில் தப்பில்லை. அந்த நாட்டு அரசியல் சாசனப்படி சட்டம் போட்டு ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. தரைப்படைக்கான ஒதுக்கீடு இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. போரை அறிவிப்பதும் காங்கிரஸ்தான். அதிபர் தலைமைத் தளபதி, அவ்வளவே. ஆனால் இதை நம்முடைய நாடாளுமன்றக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. இங்கே மானியக் கோரிக்கை தோற்றால் அரசே கவிழும். அங்கே அதிபர் நான்கு ஆண்டுக்கு அசைய மாட்டார்.

கொடுக்காமல் இருப்பது ஒன்று, கொடுத்ததைத் தடுப்பது வேறொன்று. விமானம், எரிபொருள், சம்பளம் எல்லாவற்றுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் ஏற்கெனவே பணம் போய்விட்டது. 1907-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் போர்க்கப்பல் அணியைப் பசிபிக்குக்கு அனுப்பக் கிளம்பியபோது, பணம் கிடையாது என்று காங்கிரசின் மேலவையான செனட்டின் கடற்படைக் குழுத் தலைவர் மிரட்டினார். போய்ச் சேரப் பணம் கையில் இருக்கிறது, திரும்பி வர வேண்டாம் என்றால் கப்பல்கள் அங்கேயே நிற்கட்டும் என்றார் ரூஸ்வெல்ட். பணம் வந்தது.

கொடுத்ததைத் தடுக்கப் புதிதாக ஒரு சட்டம் வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? போர் நடத்துகிற அதே அதிபர். அவர் வீட்டோ செய்தால், அதாவது கையெழுத்துப் போடாமல் நிராகரித்தால், அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. 2007-இல் ஈராக்கிலிருந்து படை திரும்பக் கெடு வைத்து ஒரு நிதி மசோதா நிறைவேறியது. மே 1 அன்று அதிபர் புஷ் அதை வீட்டோ செய்தார். அதே மாதம் கெடு இல்லாமலே பணம் போனது. தொடங்கத்தான் பெரும்பான்மை வேண்டும் என்று சாசனத்தை எழுதியவர்கள் நினைத்தார்கள். இன்றைக்கு நிறுத்தத்தான் அதைவிடப் பெரிய பெரும்பான்மை வேண்டியிருக்கிறது. என் கணக்கில் கோளாறின் வேர் இதுதான்.

பணத்தை வெட்டினால் களத்தில் நிற்கும் சிப்பாய்க்குத் தோட்டா இருக்காது என்று பேசுவது இன்னொரு தவறு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த வசனம் வரும். நிஜத்தில் தடை ஒரு தேதி போட்டுத்தான் எழுதப்படும். சோமாலியத் தலைநகர் மொகாதிஷுவில் 1993-இல் நடந்த சண்டையில் அமெரிக்க வீரர்கள் இறந்த பிறகு, 1994 மார்ச் 31-க்கு அப்புறம் சோமாலியா நடவடிக்கைக்குப் பணம் இல்லை என்று காங்கிரஸ் எழுதிவைத்தது. அதிபர் கிளிண்டனும் அதே தேதியைத்தான் சொல்லியிருந்தார். படைகள் ஒழுங்காகக் கிளம்பின.

பணம் கொடுத்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? 1999 ஏப்ரல் 28-ஐப் பாருங்கள். கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது குண்டுவீச்சு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபை ஒரே நாளில் வரிசையாக வாக்களித்தது. போர் அறிவிக்கலாமா? 427 பேர் வேண்டாம், 2 பேர் வேண்டும். படையைத் திரும்ப அழைக்கலாமா? அதுவும் தோற்றது, 139-க்கு 290. சரி, வான்தாக்குதலுக்காவது ஒப்புதலா? 213-க்கு 213! சமம் என்றால் தோல்வி. அடுத்த மாதமே அதே காங்கிரஸ் கிளிண்டன் கேட்டதைவிட அதிகமாகப் பணம் ஒதுக்கியது. அதிபரின் போர் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட 1973-இல் வந்த போர் அதிகாரத் தீர்மானம் என்ற சட்டம், ஒதுக்கீட்டைப் போருக்கான அனுமதியாக ஊகிக்கக் கூடாது, வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது. அரசின் வழக்கறிஞர்களோ அந்த ஒதுக்கீடே போதுமான அனுமதி என்று பின்னர் எழுதினார்கள். ஒப்புதல் இல்லாத இந்தப் போர் சட்டவிரோதம் என்று டாம் கேம்பெல் என்ற உறுப்பினரும் சகாக்களும் நீதிமன்றம் போனார்கள். வழக்குத் தொடுக்கவே உங்களுக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

போர் அதிகாரத் தீர்மானம் அதிபருக்கு 60 நாள் இலவச அனுமதி தருகிறது என்று எழுதுவதும் தப்பு. 48 மணி நேரத்தில் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், பாதுகாப்பாக வெளியேற மேலும் 30 நாள் என்பது கெடு, உரிமை அல்ல. லிபியாவில் 2011-இல் குண்டுவீச்சு இந்தக் கெடுவைத் தாண்டியதும், நடப்பது சட்டம் சொல்கிற அளவுக்குப் 'பகைச்செயல்' அல்ல என்று ஒபாமா அரசு வாதாடியது. குண்டு விழுந்த ஊரில் அதைப் போய்ச் சொல்ல முடியுமா தெரியவில்லை. ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை லிபியா நடவடிக்கைக்கு ஒப்புதல் தர மறுத்தது. அதே நாளில் அதற்கான பணத்தைக் கட்டுப்படுத்தவும் மறுத்தது.

அப்படியானால் கஜானா சாவி வெறும் அலங்காரமா? அப்படி முடிவு கட்டுவதும் அவசரம். 1973 ஜூன் கடைசியில் கம்போடியா குண்டுவீச்சுக்குப் பணத்தைத் தடுக்கும் மசோதாவை அதிபர் நிக்சன் வீட்டோ செய்தார். காங்கிரஸ் விடவில்லை. அன்றைக்கு நிதியாண்டு ஜூன் 30-இல் முடியும். அரசாங்கம் ஓடவே பணம் வேண்டும். அதே தடையை அந்தத் தவிர்க்க முடியாத மசோதாக்களோடு முடிச்சுப்போட்டார்கள். நிக்சன் ஆகஸ்ட் 15 என்ற தேதிக்கு இறங்கிவந்தார். இடையில், ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் தனியாளாகக் குண்டுவீச்சை நிறுத்த உத்தரவிட்டார்; சில மணி நேரத்தில் மற்ற நீதிபதிகள் அதைப் புரட்டிவிட்டார்கள். விமானங்கள் இன்னும் பதினொரு நாள் பறந்தன. ஆகஸ்ட் 15 அன்று நின்றன.