டிரெய்லர் இழுக்கும் டிரக்கில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதும் கேப் வைப்பதும்

காலியாக ஓட்டும்போது வண்டியில் ஒரு குறையும் தெரியாது. டிரெய்லரை மாட்டி மேட்டில் ஏற்றினால் மட்டும் இன்ஜின் திணறும், விட்டுவிட்டு இழுக்கும். பெட்ரோல் டிரக்கில் இப்படி நடந்தால் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது ஸ்பார்க் பிளக்கைத்தான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால், இந்த விளக்கம் பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு மட்டும்.

சுமை ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கிறோம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாவுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பிளக் தேயத் தேய அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, அதாவது கேப், அகன்றுகொண்டே போகும். காலி வண்டியில் எப்படியோ தாவிவிடும் பொறி, பாரத்தோடு ஏறும்போது தவறிவிடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். தேவையானவை: உள்ளே ரப்பர் வைத்த பிளக் சாக்கெட் (பெரும்பாலான வண்டிகளுக்கு 16 மி.மீ.), நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டும் ஸ்பேனர்), கம்பி வகை கேப் கேஜ், கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்). பிளக்கின் எண்ணையும் எண்ணிக்கையையும் வண்டிக் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். ராம் டிரக்கில் வரும் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு என்று மொத்தம் 16 பிளக் இருக்கும்.

1. இன்ஜின் முழுதாக ஆறட்டும். பிளக் மாட்டியிருக்கும் அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும். பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டரையும் போல்ட்டையும் எடுத்துவிட்டு, காயிலை இலேசாகத் திருகி மேலே இழுங்கள். வயர் வைத்த வண்டியென்றால் வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் நுனியில் பிளக்கை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பிடித்து இழுங்கள். அப்புறம் பிளக் குழிக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அங்கே கிடக்கும் மண் சிலிண்டருக்குள் விழக் கூடாது.

3. பிளக்கைக் கழற்றுங்கள். இறுகியிருந்தால் மல்லுக்கட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். வெளியே வந்ததும் முனையைப் பாருங்கள். இளம்பழுப்போ சாம்பல் நிறமோ இருந்தால் நல்லது. கரிபடிந்திருந்தால் எரிபொருள் அதிகம் போகிறது. எண்ணெய் ஈரம் இருந்தால் உள்ளே ஆயில் கசிகிறது. வெள்ளை வெளேரென்று கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பாரம் இழுக்கும் வண்டியில் இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

4. இனி கேப். பெட்டியில் "அளவு வைத்தது" என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு பிளக்கையும் அளந்தே ஆக வேண்டும், வழியில் இடிபட்டிருக்கலாம். பல வண்டிகளுக்கு 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு உரியது கையேட்டிலோ பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். 1.1 என்றால், 1.1 கம்பி இலேசான உராய்வோடு நுழைய வேண்டும், அதைவிடத் தடித்த கம்பி நுழையக் கூடாது. கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் வளைந்து நிற்கும் பக்கவாட்டு முனையை மட்டும் துளித்துளியாக வளையுங்கள். இரிடியம், பிளாட்டினம் பிளக்கில் நடு முனை ஊசிபோல மெல்லியது. அதன்மேல் எதையும் முட்டுக்கொடுத்து நெம்பக் கூடாது. நாணய வடிவ கேஜை இவற்றுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். கீழே விழுந்த பிளக்கையும் மாட்டாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

5. புதிய பிளக்கை ராட்செட் இல்லாமல், சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் விரலால் சுற்றியே இறக்குங்கள். இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி தொடங்குங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், கையேடு சொல்லும் அளவுக்கு. மரை உலர்ந்தே இருக்கட்டும். கிரீஸ் அல்லது ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமலிருக்கத் தடவும் பசை) தடவினால் அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

6. ரப்பர் உறையின் உட்புறம் துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, காயிலை மாட்டி, அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை இணைத்து, டிரெய்லரோடு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். இன்னும் திணறினால் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் பாருங்கள். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். அதன் காயிலை வேறொரு சிலிண்டரில் மாற்றி மாட்டி மறுபடி ஓட்டுங்கள். குறியீடும் அந்த சிலிண்டருக்கு மாறினால் கோளாறு காயிலில்தான்.